மகள் கேட்ட துப்பாக்கி

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாள் காலை. அவர் தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மகள் வரப்பில் வந்து நின்று, "எனக்கொரு ரைஃபிள் வேணுங்ப்பா" என்றாள்.

மண்வெட்டியை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். உடுமலைக்குத் தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய 6 ஏக்கர் தோட்டம் அவருடையது. 4 ஏக்கரில் தென்னை, மீதி 2 ஏக்கரில் மக்காச்சோளம். சைக்கிள் கேட்டாள், வாங்கிக் கொடுத்தார். கம்ப்யூட்டர் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தார். இப்படியொன்றை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளில் ஐந்து தோட்டா சுடக் கொடுத்திருக்கிறார்கள். அவள் சுட்ட ஐந்தும் ஒரு தீப்பெட்டி அகலத்துக்குள் விழுந்திருக்கின்றன. முகாமில் இருந்த ஹவில்தார் அட்டையைக் கழற்றி அவள் கையிலேயே கொடுத்து, "விட்டுடாதேம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அட்டையை நோட்டுக்குள் வைத்து நான்கு மாதமாகப் பத்திரப்படுத்தியிருந்தாள்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் ஓடியது மகளின் திறமை அல்ல, காட்டுப்பன்றி. போன பட்டத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் 40 சென்ட் மக்காச்சோளத்தை மடக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் இவளுக்கும் ஆச்சு, தோட்டத்துக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டார்.

பரணில் இருந்த பழைய துப்பாக்கி

சம்சாரம் கேட்டதும் கொதித்துவிட்டார். "மறுபடியும் ஸ்டேஷன் வாசல்ல போய் நிக்கோணுமாக்கும்?"

அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் வாங்கிய, குழல் வாயில் மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி ஒன்று இருந்தது. தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அவர் காலமான பிறகு துப்பாக்கி பரணிலேயே கிடந்தது. யாருக்கும் அது நினைவில்லை. அடுத்த தேர்தல் வந்தபோது ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. உரிமம் வைத்திருந்தவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, துப்பாக்கி மட்டும் வீட்டில் இருக்கிறது. வக்கீலுக்கும் அலைச்சலுக்குமாக அந்த வருஷத்துத் தேங்காய்ப் பணம் கரைந்தது. "இதென்ன நிலமாங்க, வாரிசுச் சான்றிதழ் குடுத்தா பட்டா மாறி வர்றதுக்கு?" என்று அங்கிருந்த எழுத்தர் கேட்டது இன்னும் அவர் காதில் நிற்கிறது.

உரிமம் ஆளுக்குத்தான், ஆள் போனால் அதுவும் போய்விடும். வாரிசு வைத்துக்கொள்ள விரும்பினால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை ஆயுதத்தை ஸ்டேஷனிலோ, அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். பரணில் பழைய துப்பாக்கி கிடக்கும் வீடுகள் இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன.

அதனால் இந்த முறை அவர் முதலில் சட்டத்தை விசாரித்துக்கொண்டார். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இரண்டும்தான் அடிப்படை. வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைஃபிள் என்றால் உரிமம் கட்டாயம். மாவட்டத்தில் கலெக்டர், மாநகரில் போலீஸ் கமிஷனர் தர வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காக உரிமம் கேட்பதற்குச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. மகளுக்கு வயது 15. ஆக, சொந்தமாக .22 என்பது இப்போதைக்கு இல்லை.

காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிள் வேறு கணக்கு. குழல் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேற்படாமலும், குண்டு வெளியேறும் வேகத்தின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் வேண்டும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிரிவில் சுடுவதும் இதே 4.5 மில்லிமீட்டர் ரைஃபிள்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் இதுவே.

கடையில் ஒரு கேள்வி

அப்பாவும் மகளும் கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் ஏர்கன் ஒன்றை எடுத்து வைத்தார். "இது நல்ல பவருங்க. தோட்டத்துக்கும் வெச்சுக்கலாம், பாப்பாவும் சுட்டுப் பழகும்" என்றார். அவருக்கு அது தன் மனசைப் படித்துச் சொன்னதுபோல இருந்தது. சட்டைப்பையில் கை போய்விட்டது.

"இதுல பீப் சைட் மாட்ட முடியுங்களா?" என்று மகள் கேட்டாள். பின்னால் ஊசித்துளை, முன்னால் ஒரு வளையம். இரண்டுக்கும் நடுவில் கறுப்புப் புள்ளியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். போட்டியில் டெலஸ்கோப் கூடாது. கடைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். கணக்கு எழுதிக்கொண்டிருந்த வயதானவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "போட்டிக்குன்னா மொதல்ல கிளப்புக்குப் போங்க. துப்பாக்கி அப்புறம் வாங்கிக்கலாம்." விற்பனையைக் கெடுத்துக்கொண்டு சொன்ன வார்த்தை என்பதால் அவர் அதை மதித்தார்.

எந்தக் கண்ணு?

ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் முதலில் துப்பாக்கியையே எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி, நடுவில் ஒரு சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடினால் கடிகாரம் அப்படியே இருந்தது. இடது கண்ணை மூடினால் காணாமல் போனது.

"எழுதறது எந்தக் கை?"

"வலதுங்க சார்."

"கண்ணு இடது. ரெண்டு தோள்லயும் சுட்டுப் பாரு. எது ஒத்து வருதுன்னு ஒரு மாசம் கழிச்சுச் சொல்லு."

அவருக்குத் திக்கென்றது. கடையில் பார்த்த ஏர்கன் வலது தோளுக்கென்றே கட்டை செதுக்கியது. அன்றைக்கே வாங்கியிருந்தால்?

பிறகுதான் விவரங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 33 அடி. தென்னைக்குத் தென்னை விடும் 25 அடியைவிட 8 அடிதான் அதிகம். இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தவர், அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கேழ்வரகு மணியைவிடச் சிறியது. நின்றுகொண்டே ஒன்றேகால் மணி நேரத்தில் 60 முறை சுட வேண்டும்.

இதற்குப் பவர் வேண்டியதில்லை. காகிதத்தைத் துளைக்க எவ்வளவு வேகம் தேவை? போட்டி ரைஃபிள்களின் ஆற்றல் 10 ஜூலுக்கும் குறைவு. பவர் கூடிய ஸ்பிரிங் துப்பாக்கியில், குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் முன்னும் பின்னும் உதைக்கும். கை பழகாதவருக்கு அந்த உதைப்பே குறியைக் கலைத்துவிடும். சிலிண்டரில் அழுத்திய காற்றில் இயங்கும் பி.சி.பி. ரைஃபிளில் அந்த உதைப்பு அநேகமாக இல்லை. தப்பு நடந்தால் அது சுட்டவருடைய தப்பு என்று தெளிவாகத் தெரியும். பழகுகிறவருக்கு அது தெரிவதுதான் முக்கியம்.

அடுத்தது உடம்புக்குப் பொருத்தம். போட்டி விதிப்படி ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். இருக்கலாம் என்பதற்காக 15 வயதுப் பெண்ணின் தோளில் அதை ஏற்றக் கூடாது. தோளில் பதியும் பின்தட்டு, கன்னம் சாயும் கட்டை, கட்டையின் நீளம் மூன்றையும் ஏற்றி இறக்க முடிய வேண்டும். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது உள்மடிப்பு விடுவது போலத்தான்.

மூன்று மாதம் கிளப் துப்பாக்கியிலேயே சுட்டாள். மக்காச்சோளம் விதைத்து அறுக்கிற காலம். நான்காவது வாரத்தில் இடது தோள் என்று அவளே முடிவு செய்தாள்.

பல்லைப் பிடித்துப் பார்த்து

புதிய ஜெர்மன், ஆஸ்திரியா ரைஃபிள்கள் லட்சங்களில் விற்கின்றன. அது அவருக்கு ஆகாது. கிளப்பில் மூத்தவர்கள் அடுத்த ரகத்துக்கு மாறும்போது பழையதை விற்பார்கள். அதில் ஒன்றைப் பார்க்கலாம் என்றார் பயிற்சியாளர். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்தானே அவர். இதிலும் அப்படியே பார்த்தார்.

முதலில் வந்த ரைஃபிள் பளபளவென்று இருந்தது, விலையும் சல்லிசு. சிலிண்டரில் பொறித்திருந்த தேதியைப் பயிற்சியாளர் காட்டினார். காலக்கெடு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைக்கும் சிலிண்டர் அது, வீட்டு கேஸ் சிலிண்டரைப் போலத் தேதி பார்த்தே ஆக வேண்டும். மாற்றுச் சிலிண்டர் விலையைச் சேர்த்தால் சல்லிசு என்பது இல்லாமல் போனது. வேண்டாம் என்று வந்துவிட்டார்கள்.

இரண்டாவது, கட்டையில் கீறல் விழுந்தது. ஆனால் சிலிண்டருக்குக் காலம் இருந்தது, பழைய பில் இருந்தது, இடது தோளுக்கு மாற்ற முடிந்தது. மேஜையில் முட்டுக் கொடுத்து ஐந்து குண்டு சுட்டார்கள். ஐந்தும் ஒரே ஓட்டையாக விழுந்தன. நான்கு வெட்டுத் தேங்காய்ப் பணம் ஆனது. விற்றவரிடம் கையெழுத்திட்ட ரசீதும், அடையாள அட்டை நகலும், பழைய பில்லும் வாங்கி, நிலப் பத்திரம் இருக்கும் கவரிலேயே வைத்தார்.

வீட்டில் இரும்பு பீரோவில் பூட்டு. பெல்லட் வேறு பெட்டியில். பெல்லட் ஈயம் என்பதால், மருந்து அடித்துவிட்டு வந்ததுபோலக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. சாவி மகளிடமும் அவள் அம்மாவிடமும் மட்டும். இந்தக் கடைசி விதியைச் சொன்னது சம்சாரம்.

அந்த ராத்திரி

ஐப்பசியில் மறுபடி பன்றிகள் வந்தன. நடுச்சாமம் இரண்டு மணிக்கு நாய் குரைக்கும் சத்தம் கேட்டு எழுந்தார். மக்காச்சோளக் காட்டுக்குள் தட்டை முறியும் சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. டார்ச்சை எடுத்தவர், பீரோ முன்னால் வந்து நின்றார்.

"சாவியக் குடு கண்ணு. சும்மா வெரட்டறதுக்குத்தான்."

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சாவி கையில் இருந்தது. கொடுக்கவில்லை.

"அது பன்னிக்கு இல்லீங்ப்பா."

அவருக்குக் கோபம் வந்தது. அவர் உழைப்பு அங்கே மிதிபட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு வெட்டுத் தேங்காய்ப் பணம் இங்கே பூட்டிக் கிடக்கிறது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு தகரத்தையும் பட்டாசையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். மகளும் டார்ச்சோடு பின்னால் ஓடினாள். விடியும்போது கால் ஏக்கர் போயிருந்தது.

அவள் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 10 ஜூல்கூட இல்லாத குண்டு பன்றியின் தோலில் பட்டுக் காயமாக்கியிருக்கும், கொன்றிருக்காது. காயம்பட்ட பன்றி ஆள்மேல் பாயும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வந்திருக்கும். துப்பாக்கி பறிமுதல் ஆகியிருக்கும். மகளின் பெயரும் அதில் சேர்ந்திருக்கும். 2025-ல் தமிழக அரசு எடுத்த முடிவின்படியும், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. மயில் என்றால் கேட்கவே வேண்டாம், அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியாதது இல்லை. நடுச்சாமத்தில் தட்டை முறியும் சத்தம் கேட்கும்போது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

காலையில் சேதத்தைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் மனு கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் மகளிடம் ஒன்றும் பேசவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், வண்டித்தடம் இல்லாத பக்கமாக 10 மீட்டர் அளந்து, குண்டு தெறிக்காமல் வாங்கிக்கொள்ள மணல் மூட்டைச் சுவர் ஒன்றை அடுக்க ஆரம்பித்தார். அவள் வந்து மூட்டை பிடித்தாள்.

தையில் கிளப் போட்டி நடந்தது. அவள் ஒன்பதாவதாக வந்தாள். பரிசு மூன்று பேருக்குத்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் 60 குண்டையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், எது ஏன் விலகியது என்று. அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்திருந்தார். "ஏனுங்க, நீங்கதான் வெவரம் தெரிஞ்சவரு. ஒரு ஏர்கன் வாங்கலாம்னு இருக்கறன். எது நல்லதுங்க?"

"எதுக்கு வாங்கறீங்க?" என்றார் இவர்.

"பையன் சுட்டுப் பழகட்டும்னுதான். அப்படியே பன்னிக்கும்..."

இவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. டீ வரட்டும்" என்றார்.