புல்லர்ட்டன் நகரில் இரு மரங்கள்

கலிபோர்னியாவுக்குச் செல்லும் நம்மவரிற் பெரும்பாலோர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் திரைப்படக் கூடங்களைப் பார்ப்பர். பின்னர் தெற்கே அனஹைம் சென்று, 1955இல் திறக்கப்பெற்ற டிஸ்னிலாந்தில் பிள்ளைகளோடு ஒரு பகலைக் கழிப்பர். அத்துடன் யாத்திரை முற்றிற்றென்று திரும்பிவிடுவர். அந்த டிஸ்னிலாந்தை ஒட்டி ஓடும் ஹாபர் பெருந்தெருவில் வடக்கு நோக்கிச் சில மைல் சென்றால் புல்லர்ட்டன் என்னும் நகரை அடையலாம். பெரிய மாளிகைகளோ மலைக்காட்சிகளோ அங்கில்லை. ஆயினும் இன்று உலகெங்கும் மேடைகளில் ஒலிக்கும் ஓர் இசைக்கருவி பெருவழக்குக்கு வரத் தொடங்கிய ஊர் அதுவே. மின்சார பேஸ் கிற்றாரையே குறிப்பிடுகிறோம்.

நாம் அங்கு சென்றதற்குக் காரணம் எம் தமையனின் மகன். கொழும்பிலே கல்வி பயிலும் அவன், மாலை வேளைகளில் சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து ஈராண்டுகளாகச் சேர்த்த பணத்தைக் கையிலே வைத்திருந்தான். ஒரே ஒரு பேஸ் கிற்றார் வாங்க அது போதும். இரண்டாவது ஒன்றைப் பற்றி எண்ணவும் முடியாது. கருவியின் வகையையும் நிறத்தையும் அவன் முன்னரே முடிவு செய்திருந்தான். முடிவாகாதிருந்தது ஒன்றே: விரற்பலகை மேப்பிள் மரத்தாலானதாய் இருப்பதா, றோஸ்வூட் மரத்தாலானதாய் இருப்பதா என்பது.

தோடஞ்சோலை நடுவே

லொஸ் ஏஞ்சலிஸ் யூனியன் நிலையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 25 மைல் புகையிரதத்திற் சென்று புல்லர்ட்டனில் இறங்கினோம். 1930இல் ஸ்பானிய பாணியிற் கட்டப்பெற்ற நிலையம் இன்றும் அழகு குன்றாமல் நிற்கின்றது. இந்நகரை 1887இல் அமெரிஜ் சகோதரர் இருவர் நிறுவினர். புகையிரதப் பாதையை இவ்வழியே கொண்டுவர உதவிய ஜோர்ஜ் புல்லர்ட்டன் என்பாரின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வலென்சியாத் தோடை மரங்களே இங்கு நின்றன. நகரின் முதல் மேயரான சார்ள்ஸ் சப்மன் அப்பயிர்ச் செய்கையாற் பெரும்புகழ் பெற்றவர். இன்று சோலைகள் போய் வீடுகளும் கல்லூரிகளும் வந்துவிட்டன.

அத்தகைய தோடந்தோட்டக் குடும்பம் ஒன்றிலேதான் 1909ஆம் ஆண்டு லியோ பெண்டர் பிறந்தார். சிறு வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர், கணக்கியல் படித்தவர், பொருளாதார மந்த காலத்தில் வேலையிழந்தவர். 1938இல் 600 டொலர் கடன் பெற்று இந்நகரில் வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். ஒலிபெருக்கி திருத்த வந்த இசைவாணரின் குறைகளைக் கேட்டுக் கேட்டே அவர் கருவி செய்யத் தொடங்கினார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரியது. அவரது வாழ்வையும் வேலையையும் நகரின் அரும்பொருட் காட்சியகத்தில் உள்ள காட்சிக்கூடத்தில் அறிந்துகொள்ளலாம்.

அந்நாளில் தாழ்ந்த சுருதியை வாசித்தோர், ஆளுயரத்துக்கு நின்ற பெரிய டபிள் பேஸ் கருவியைச் சுமந்து திரிந்தனர். மின்சாரக் கிற்றாரின் பேரொலியில் அதன் ஓசை அமுங்கிப் போயிற்று. அதன் தண்டில் மெட்டுகள் இல்லாமையால் சுருதி பிசகாமல் விரல் வைப்பதற்கு நீண்ட பயிற்சியும் வேண்டியிருந்தது. பெண்டர் 1951இல் இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்த்தார். திண்மையான மரவுடல், நான்கு தந்திகள், வீணையிற் போல மெட்டுகள், 34 அங்குலத் தந்தி நீளம், ஒலியைப் பற்ற ஒரு காந்தச் சுருள் ஆகியவற்றைக் கொண்டு கருவி அமைந்தது. மெட்டுகளால் சுருதி துல்லியமாய் அமைவதைக் குறித்தே அதற்குப் ‘பிறிசிசன் பேஸ்’ என்று பெயரிட்டார்.

சூரிய நிறமும் இரு பலகைகளும்

தொடக்கத்தில் இக்கருவி வெளிறிய மஞ்சள் நிறத்தில் மட்டுமே வந்தது. 1954இல் ‘சன்பேர்ஸ்ற்’ என்னும் பூச்சு வந்தது. நடுவிலே மஞ்சள், ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்லக் கருமை. அந்திச் சூரியனைப் பார்ப்பது போன்ற தோற்றம். 1958இல் இரண்டுக்கும் நடுவே செந்நிறமும் சேர்க்கப்பட்டது. அக்காலச் செந்நிறம் வெயில் பட்டு மங்கிப்போகும் இயல்புடையது. ஆதலால் அவ்வாண்டுகளின் கருவிகள் பல இன்று மீண்டும் இரு நிறமாகவே காட்சியளிக்கின்றன.

தண்டு முதலில் முழுவதும் மேப்பிள் மரமே. வட அமெரிக்காவின் குளிர்க்காடுகளில் வளர்வதும், சாற்றிலிருந்து இனிப்புப் பாகு காய்ச்சப்படுவதுமான மரம் இது. ஒரே துண்டு மரத்தைத் தண்டாகச் செதுக்கி, அதன் முகத்திலேயே மெட்டுகளைப் பதித்தனர். தண்டு வளையாதிருக்க உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியைப் பின்புறமாகச் செலுத்தி, அப்பள்ளத்தைக் கறுத்த வால்நட் மரக்கீற்றால் அடைத்தனர். மேப்பிள் வெண்மையான மரம். வியர்வையும் அழுக்கும் ஏறாதவாறு அதற்கு மெருகெண்ணெய்ப் பூச்சு இன்றியமையாதது. நாள்தோறும் வாசிக்க வாசிக்க அப்பூச்சுத் தேய்ந்து, விரல் படும் இடமெல்லாம் சாம்பல் நிறக் கறை படியும். தொலைக்காட்சியில் அக்கறை பார்வைக்கு நன்றாயில்லை என்பதும் மாற்றத்துக்கு ஒரு காரணம் என்பர். 1958இல் பெண்டரின் புதிய கிற்றாரொன்றிலும் 1959இல் பிறிசிசன் பேஸிலும் றோஸ்வூட் பலகையைத் தனியே ஒட்டினர். 1960இல் வந்த ‘ஜாஸ் பேஸ்’ தொடக்கத்திலிருந்தே றோஸ்வூட் பலகையுடன் வெளிவந்தது. 1960களின் பிற்பகுதியில் மேப்பிளை விரும்பிக் கேட்டோருக்கு அது மீண்டும் கிடைத்தது. அன்று தொடங்கிய ‘எது சிறந்தது’ என்னும் வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

மரவேலைக்காரர் மரத்தின் வன்மையை அளக்க ஒரு வழி கைக்கொள்வர். அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த விட்டமுள்ள எஃகுக் குண்டொன்றை அதன் பாதியளவு மரத்தினுள் புதைக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்று பார்ப்பர். வன்மேப்பிளுக்கு ஏறத்தாழ 1,450. இந்திய றோஸ்வூட்டுக்கு ஏறத்தாழ 2,440. றோஸ்வூட் தன்னுள்ளேயே எண்ணெய்ப் பசையுடையது. ஆதலால் அதற்கு மெருகுப் பூச்சு வேண்டுவதில்லை. விரல் நேரே மரத்தைத் தொடும். மேப்பிளில் விரல் தொடுவது பெரும்பாலும் பூச்சையே.

ஓசையைப் பற்றிச் சொல்லப்படுவன பல. மேப்பிளின் ஒலி துலக்கமானது, தெறிப்பானது என்பர். றோஸ்வூட்டின் ஒலி கனிவானது, இருண்டது என்பர். டெற்றொயிற் நகரின் மோட்டவுண் நிறுவனத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது 1962ஆம் ஆண்டின் சன்பேர்ஸ்ற் பிறிசிசன் பேஸ், றோஸ்வூட் பலகை. அவர் ஒற்றைச் சுட்டுவிரலாலேயே தந்தியை இழுத்து வாசித்தார். தட்டையாகச் சுற்றிய தடித்த தந்திகளை மாற்றாமலே நெடுங்காலம் வைத்திருந்தார். 1987இல் மறைந்த ஜாக்கோ பஸ்ரோரியஸ், தம் 1962ஆம் ஆண்டுச் சன்பேர்ஸ்ற் ஜாஸ் பேஸின் மெட்டுகளைக் களைந்துவிட்டு, றோஸ்வூட் பலகைமீது படகுக்குப் பூசும் எப்பொக்சிப் பசையைப் பூசி, பாடுவது போன்ற ஒலியை எழுப்பினார். மார்க்கஸ் மில்லரோ 1977ஆம் ஆண்டின் மேப்பிள் பலகைக் கருவியாற் பெயர் பெற்றவர். இவர்களுடைய ஒலியில் எவ்வளவு மரம், எவ்வளவு தந்தி, எவ்வளவு விரல் என்று பிரித்துச் சொல்லுதல் எளிதன்று. காந்தச் சுருள் பற்றுவது இரும்புத் தந்தியின் அசைவையே யாதலால், பலகையின் பங்கு மிகச் சிறிது என்று வாதிப்போரும் உளர்.

மரம் வந்த வழி

இவ்விடத்தில் நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. முதலில் இங்கு பயன்பட்டது பிறேசில் நாட்டு றோஸ்வூட். 1960களில் அது அரிதாகத் தொடங்கவே, அதன் இடத்தை இந்திய றோஸ்வூட் பெற்றது. அம்மரம் வேறெதுவுமன்று, நீலகிரியிலும் ஆனைமலையிலும் வயநாட்டிலும் வளர்வதும், தமிழில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் வழங்குவதுமான மரமே. கூடலூர்ப் பக்கத்து மலைச்சரிவில் நின்ற மரம் பலகையாய் அறுபட்டுக் கடல் கடந்து, கலிபோர்னியாவில் விரற்பலகையாயிற்று.

ஈட்டி மெல்ல வளரும் மரம். வைரமேறிப் பயன்தரும் பருமனை அடையப் பல தலைமுறைகள் செல்லும். அது அழிவை நோக்கிச் செல்லாதிருக்கத் தமிழ்நாட்டு அரசு 1994இல் தனிச் சட்டமே இயற்றியது. பிறேசில் மரத்தின் வணிகத்தை 1992இலிருந்து சர்வதேச உடன்படிக்கை ஏறத்தாழ முற்றாகத் தடுத்துவிட்டது. 2017 ஜனவரியில் றோஸ்வூட் இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிற்றார்களை விற்பனைக்காக எல்லை தாண்டி அனுப்புவதற்கும் பத்திரம் வேண்டியதாயிற்று. பெண்டர் நிறுவனம் மெக்சிக்கோவிற் செய்த பல கருவிகளுக்குப் பாவ்பெறோ என்னும் தென்னமெரிக்க மரத்தைக் கையாண்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்களிக்கப்பட்டது. பிறேசில் மரத்துக்கு மட்டும் அவ்விலக்கு இல்லை.

ஈழத்தவராகிய நமக்கு இக்கதை புதிதன்று. வயலின் விரற்பலகைக்குப் பெயர்பெற்ற கருங்காலி நம் வரண்ட வலயக் காடுகளின் செல்வம். கலமந்தர் என்னும் அழகிய மரத்தை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மேசை நாற்காலிகளுக்காக வெட்டி வெட்டி, இன்று அதனைக் காண்பதே அரிதாயிற்று.

கடையில் நிகழ்ந்தது

நகரிலுள்ள இசைக்கருவிக் கடையொன்றில் ஒரே வகைச் சன்பேர்ஸ்ற் பேஸ்கள் இரண்டைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். இரண்டிலும் ஒரேவகைத் தந்திகள்; பலகை மட்டும் வேறு. எம் துணைவியார் றோஸ்வூட்டைக் கண்டதும், “சூரியன் இறங்கும்போது வானம் இருளத்தானே வேணும், கறுத்தப் பலகைதான் வடிவு” என்றார். எம் கருத்தும் அதுவே. மஞ்சளும் சிவப்பும் கருமையும் கலந்த உடலுக்கு அந்த இருண்ட தண்டு இயல்பாய்ப் பொருந்தியிருந்தது.

மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கொண்டான். கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பத்து முறை வாசித்தார். எதுவென்று அவன் சொல்ல வேண்டும். ஆறு முறை சரியாகவும் நான்கு முறை பிழையாகவும் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய இந்த அளவு வரும் என்று கடைக்காரர் சிரித்தார். பின்னர் கண்ணை மூடியவாறே தானே வாசித்தபோது மட்டும், விரல் நுனியால் இரண்டையும் உடனே இனங்கண்டான். ஆகவே வேறுபாடு காதிலன்று, கையிலும் கண்ணிலுமே இருந்தது.

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். ஈராண்டு உழைப்பு அந்த ஒரு சொல்லில் தங்கியிருந்தது. “கொழும்பு வெக்கையிலே வியர்வை பட்டால் மேப்பிள் கறுக்காதோ?” என்று நாம் கேட்டோம். பழைய நாளின் செல்லுலோஸ் பூச்சைவிட இக்காலப் பூச்சு வலியது, எளிதில் தேயாது என்றார் கடைக்காரர். மகன் எம்மைப் பார்த்து, “சித்தப்பா, கண்ணை மூடினால் எனக்கு இரண்டும் ஒண்டுதான். பின்னை என்னத்துக்கு ஈட்டி?” என்றான். சொல்லிவிட்டு மேப்பிள் பலகையுள்ள கருவியை எடுத்துக் கொண்டான்.

துணைவியாருக்கு அது முழு மனநிறைவைத் தரவில்லை. ஈட்டிப் பலகை ஏற்கெனவே அறுபட்டதுதானே, அதை வாங்காது விட்டால் மரம் திரும்ப முளைக்குமா என்று அவர் கேட்டார். அக்கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. சட்டப்படி வெட்டிய மரத்தை வாங்குவதிற் குற்றமில்லை; அத்தொழிலால் வாழும் குடும்பங்களும் உள. ஆனால் இன்று வாங்குவோரின் விருப்பத்தைப் பார்த்தே நாளைக்கு எதை அறுப்பது என்று வணிகர் தீர்மானிக்கின்றனர் என்பதையும் மறப்பதற்கில்லை.

பெண்டர் தம் நிறுவனத்தை 1965இல் சி. பி. எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றார். 1985இல் அது மீண்டும் கைமாறியபோது தொழிற்சாலை புல்லர்ட்டனை விட்டுக் கிழக்கேயுள்ள கொரோனா நகருக்குப் போய்விட்டது. புல்லர்ட்டனில் இருப்பவை நினைவுகளே. ஆயினும் அனஹைம்வரை செல்லும் குடும்பத்தினர் அரைநாளை ஒதுக்கி இந்நகரையும் பார்த்து வரலாம். இசை பயிலும் மாணவர்க்கு அது வீண்போகாது. கருவி வாங்க நினைப்போர், பிறர் சொல்வதைக் கேட்டுவிட்டுத் தம் கண்ணையும் ஒருமுறை மூடிப் பார்ப்பது நன்று.

வாங்கிய கருவி இப்போது கொழும்பில் இருக்கின்றது. மெருகு இன்னும் மங்கவில்லை. மூன்றாம் மெட்டின் அருகே மட்டும், அவன் ஓயாது விரல் ஊன்றும் இடத்தில், உற்றுப் பார்த்தாற் புலப்படும் மெல்லிய நிழலொன்று விழத் தொடங்கியிருக்கிறது. துணைவியார் அதைச் சுட்டிக் காட்டாத நாளில்லை. அவனோ அதைத் துடைப்பதில்லை.