கத்தி முதுகில் ஒரு கொக்கி

மதுரைக் கறிக்கடையில் முப்பது வருடமாகக் கிடா உரிக்கிறார் அவர். வயிற்றுத் தோலைக் கீறும்போது இரண்டு விரலை உள்ளே விட்டு, கூர்முகம் மேலே பார்க்க, விரல்களுக்கு நடுவே கத்தியை ஓட்டுவார். நுனி குடலில் பட்டால் கறி பாழ். இப்போது சர்க்கரை நோயால் விரல்நுனி மரத்துவிட்டது. கத்தி எங்கே போகிறது என்று விரல் சொல்வதில்லை.

வெளிநாட்டு வேட்டைக் கத்திகளின் முதுகில், நுனியருகே சின்னக் கொக்கி இருப்பதை மகன் போனில் காட்டினான். உள்வளைவில் மட்டும்தான் கூர். தோலில் மாட்டி இழுத்தால் போதும், குடல் தப்பிக்கும். மான் வேட்டை நம்மூரில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கிடாவுக்கு அந்தக் கொக்கி ஆகாதா என்ன?

அப்பா காலத்துக் கத்தியோடு திருப்பாச்சேத்திக்குப் போனார். மானாமதுரை போகும் வழியில், அரிவாளுக்குப் பேர்போன ஊர். அரிவாள் மூக்கை வளைத்தே பழகிய கொல்லர் தயங்கினார். புதுக் கத்தி என்றால் கொக்கியை முதலில் அரத்தால் ராவிவிட்டு, அப்புறம் பழுக்கக் காய்ச்சித் தோய்க்கலாம். இது ஏற்கெனவே பதம் ஏறிய இரும்பு. கிரைண்டர் சூட்டில் மஞ்சளாகி, பழுப்பாகி, நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் போச்சு.

அதனால் கத்தியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டார். கை சுடும்போதெல்லாம் தண்ணீரில் முக்கினார். அரைமணி வேலை அரை நாளானது. கொக்கிக்குள் சாணைக்கல் நுழையாது. மெல்லிய கம்பியில் உப்புத்தாளைச் சுற்றித் தீட்டச் சொன்னார். கூர் இருக்கிறதா என்று விரலால் பார்க்க வேண்டாம், காகிதத்தில் பாருங்கள் என்றார்.