23சி கிளம்பும் நேரம்

திருச்சியிலிருந்து தம்பி போனில் சொன்னது இவ்வளவுதான்: "பெரியம்மாவுக்கு ஆள் வைக்கணும். மெட்ராஸ்ல எப்படி வைக்கிறாங்க, எவ்வளவு ஆகுதுன்னு நீ நேர்ல போய்ப் பாத்துட்டு வா. போன்ல கேட்டா எல்லாருமே நல்லாத்தான் சொல்றான்."

பெரியம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். இரண்டு தடவை பாத்திரம் கருகியது. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேஸை அணைத்தார்.

முதலில் போனது அண்ணாநகரில் ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்கு. மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடி. படியெல்லாம் பினாயில் வாசம். வரவேற்பறைச் சுவரில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேலாளருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. லேமினேட் செய்த விலைப்பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். 12 மணி நேர ஆளுக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய். 24 மணி நேரம் வீட்டோடு தங்குபவருக்கு 950. நோயாளி நடமாடுகிறவர் என்றால் 100 ரூபாய் கூட. பதிவுக் கட்டணம் 3,000, அது திரும்பி வராது. படுத்தே கிடப்பவருக்குக் குறைவு, நன்றாக நடப்பவருக்கு அதிகமா? விசித்திரமாகப் பட்டது. சாயங்காலம்தான் புரிந்தது.

"இப்பல்லாம் நாலு பெரியவங்கள்ல ஒருத்தருக்கு இது இருக்கு சார்" என்றார். அப்படி இல்லை. நாடு முழுக்க எடுத்த ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. அதன் மதிப்பீடு, 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். அதுவே வயிற்றைக் கலக்கும் எண்ணிக்கை. இவர் ஏன் இன்னும் ஏற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

விண்ணப்பம் இரண்டு பக்கம். எடை, சர்க்கரை, பிபி, டயப்பர் உண்டா, டியூப் உண்டா, வீட்டில் சைவமா அசைவமா, மேற்கத்திய டாய்லெட் இருக்கிறதா. ஆட்களுக்குப் பயிற்சி? "எல்லாரும் ஃபுல் ட்ரெயினிங் சார்." ராத்திரி அவர்கள் தூங்குவார்களா? "எட்டு மணி நேரம் ரெஸ்ட் கொடுத்தே ஆகணும். அது ரூல்." உங்கள் ஆள் வேலை செய்யும் வீடு ஒன்றைப் பார்க்கவேண்டும் என்றேன். தலையைச் சொறிந்தார். நான் எழுந்திருக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள். அயனாவரம்.

ஆட்டோக்காரர் 200 கேட்டு 150க்கு வந்தார். மெட்ரோ வேலைக்காக அடைத்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே ஊர்ந்து போய், பஸ் டெப்போ தாண்டி ஒரு குறுக்குத் தெருவில் இறக்கிவிட்டார். மணி நாலு பத்து. டெப்போவிலிருந்து வீட்டுவாசலுக்கு என் நடையில் 640 காலடி. எண்ணியதற்குக் காரணம் பிறகு வருகிறது.

கிரில் கேட்டைத் திறக்கக் கை வைத்தால் தாழ்ப்பாளைக் காணோம். உள்ளிருந்து வந்த அம்மாள் குனிந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்த கொக்கியை எடுத்தார். "மேல இருந்தா அப்பா தொறந்துடுவாரு. கீழ பாக்க மாட்டாரு" என்றார். அவர்தான் ஏஜென்சி அனுப்பிய ஆள். நாற்பத்தைந்து வயதிருக்கும். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமம். இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம்.

பெரியவர் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். வயது 76. சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, நன்றாகச் சவரம் செய்த முகம். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "உக்காருங்க. சாப்டீங்களா?" என்றார். இவருக்கா நோய் என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. இரண்டு நிமிடம் கழித்து, "உக்காருங்க. சாப்டீங்களா?" அப்புறமும் அதே. ஒவ்வொரு தடவையும் அதே மரியாதை, அதே சிரிப்பு. அரை மணியில் பதினோரு தடவை நான் சாப்பிட்டதாகச் சொன்னேன்.

அப்போதுதான் பள்ளியிலிருந்து திரும்பியிருந்த மருமகள் வீட்டைச் சுற்றிக் காட்டினார். தனியார் பள்ளி ஆசிரியை அவர். வாசல் கதவுக்கு, சுவரின் அதே வெளிர் மஞ்சளில் திரைச்சீலை. கதவு இருப்பதே தெரியாது. வாஷ்பேசின் கண்ணாடி மேல் காலண்டர் அட்டை ஒட்டியிருந்தது. "அதுக்குள்ள ஒரு கெழவன் உக்காந்து நம்மளையே பாக்கறான்னு மாமா சத்தம் போடுவாரு." குளியலறையில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். வெள்ளை டாய்லெட்டுக்குச் சிவப்பு சீட் போட்டிருந்தது. வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோப்பை அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லையாம். கறுப்புக் கால்மிதியை ஒருநாள் அவர் தாண்டிக் குதித்து விழப்போனார். பள்ளம் என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கே மிதியடி பரணுக்குப் போய்விட்டது. சமையலறையில் சிலிண்டர் ரெகுலேட்டரை ஒவ்வொரு முறையும் மூடிவிடுகிறார்கள். சட்டைப் பைகளின் உள்பக்கம் மகனுடைய போன் நம்பர், சலவைக்காரர் குறிபோடும் மையில்.

இதில் எதுவும் ஏஜென்சி சொல்லிக் கொடுத்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு விபத்துக்கோ சண்டைக்கோ மறுநாள் தோன்றியது.

மருந்துகள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். பிபி மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மறதிக்கான டோனெபெசில் காசு கொடுத்து வாங்குவது. அது நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் அறிகுறிகளைத் தணிக்கும், அவ்வளவுதான். டப்பாவின் அடியில் பிரிக்காத அட்டை ஒன்று கிடந்தது. சாயங்காலப் பதற்றத்துக்காக எழுதிக் கொடுத்த மனநோய் மருந்து. "குடுத்தா அடங்கிடுவாரு. ஆனா மறுநாள் கால் பின்னுது, வாய் குழறுது. நாங்களே டாக்டர்ட்ட சொல்லி நிறுத்திட்டோம்" என்றார் மருமகள். இந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இலேயே எச்சரித்திருக்கிறது. கட்டாயம் தேவைப்படுகிறவர்களும் உண்டு. இந்த வீட்டில் தேவைப்படவில்லை. ஏன் என்பதை ஐந்தரை மணிக்குப் பார்த்தேன்.

அதற்கு முன் நோட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, நூலில் கட்டிய பேனா. அந்த அம்மாள் எட்டாவது படித்தவர். எழுத்து மணிமணியாக இருக்கிறது. முந்தின ராத்திரிப் பக்கத்தைப் படித்தேன். 10.15 படுத்தார். 11.40 எழுந்தார், தண்ணீர். 12.05 படுத்தார். 1.50 எழுந்தார், சிறுநீர், துணி மாற்றினேன். 2.40 படுத்தார். 4.15 எழுந்தார், திரும்பப் படுக்கவில்லை. அவர் படுத்தவுடனே இவர் கண்ணயர்ந்திருந்தாலும் மூன்று துண்டாக நாலே முக்கால் மணி நேரம். முன்பக்கங்களையும் புரட்டினேன். ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டிய ராத்திரி அந்த வாரத்தில் ஒன்றே ஒன்றுதான். எட்டு மணி நேர ரூல் லேமினேட் அட்டையோடு அண்ணாநகரில் இருக்கிறது.

"உங்க கைக்கு எவ்வளவுக்கா வருது?"

"அறுநூத்தம்பது சார்."

வீட்டுக்காரர்கள் கொடுப்பது 1,050. மாதம் முப்பது நாளுக்கு 31,500. அதில் இவருக்கு 19,500. மாதம் இரண்டு நாள் ஊருக்குப் போனால் அந்தக் கூலி கிடையாது. பயிற்சி எத்தனை நாள் என்று கேட்டேன். மூன்று நாளாம். டயப்பர் மாற்றுவது, பிபி பார்ப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது. "மறதி சீக்கு பத்தி ஒண்ணும் சொல்லல சார். எங்க மாமியாருக்கும் கடைசில இப்படித்தான் இருந்துச்சு. அந்தம்மாகிட்ட பட்டதுதான் படிப்பு."

ஐந்தே காலுக்கு அவர் வீட்டிலுள்ள எல்லா டியூப்லைட்டையும் போட்டார். வெளியே வெயில் பளிச்சென்று இருந்தது. "இருட்டின பெறகு போட்டா லேட்டு. நெழலு வந்துடும்" என்றார். டிவியை அணைத்தார். சீரியலில் யாராவது அழுதால் பெரியவரும் அழுகிறாராம்.

ஐந்து இருபத்தெட்டு. பெரியவர் எழுந்தார். முகம் வேறாகிவிட்டது. சட்டைப் பொத்தானைச் சரிபார்த்தார், சுவரைத் தடவினார், திரைச்சீலையைப் பிடித்து இழுத்தார். "நேரமாச்சு. வண்டி நிக்குது. எவன்டா கதவ மறைச்சது?" குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். இத்தனை நேரம் சாப்பிட்டீர்களா என்று கேட்டவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்வாங்கினேன். சாயங்காலமானால் இந்த நோயாளிகளுக்கு ஏறும் பதற்றத்தைப் படித்திருக்கிறேன். நேரில் பார்ப்பது வேறு.

அவர் கண்டக்டர். 1975இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து 2007இல் ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் 23சி, அயனாவரத்திலிருந்து பெசன்ட் நகர். போன வருடம் ஒருநாள் காணாமல் போய் மூன்று மணி நேரம் தேடினார்கள். டெப்போ வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் காலடி எண்ணிய அந்தத் தூரம்தான். முதல் மாதமெல்லாம் "நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்கப்பா, வண்டியெல்லாம் இல்ல" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள். ஒவ்வொரு நாளும் சண்டை. ஒருநாள் கையைக் கடித்துவிட்டார். தழும்பைக் காட்டினார்.

இப்போது அவர் வாதாடவில்லை. அலமாரியைத் திறந்து தோல் பையை எடுத்தார். "கண்டக்டரே, இந்தாங்க பை. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு." அதுவரை அப்பா, இப்போது கண்டக்டர். பையைத் தோளில் மாட்டியதும் பெரியவரின் மூச்சு இறங்கியது. பைக்குள் விசில், கொஞ்சம் சில்லறை, தினசரிக் காலண்டர் தாளை வெட்டி ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். மத்தியானம் அவர் தூங்கும் முக்கால் மணி நேரத்தில் அந்த அம்மாள் வெட்டி வைப்பது. கட்டை அவர் இடது உள்ளங்கையில் விரல் இடுக்குகளில் செருகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, காலையில் சட்டைக்குள் கை நுழைக்கத் தெரியாதவர் என்றால் நம்ப முடியாது.

இரண்டு பக்க விண்ணப்பத்தை மனதுக்குள் மறுபடி புரட்டினேன். டாய்லெட் என்ன மாதிரி என்று கேட்டிருந்தார்கள். என்ன வேலை பார்த்தார் என்று கேட்கவில்லை.

பெரியம்மா சத்துணவுக் கூடத்தில் இருபத்தைந்து வருடம் சமைத்தவர். பாலை வைத்துவிட்டு எதைத் தேடி மாடிக்குப் போகிறார் என்று நாங்களும் கேட்டதில்லை.

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு வரிசையாகிவிட்டன. மருமகள் நோட்டுத் திருத்திக்கொண்டே ஜன்னலோரத்தில். நான் பின்சீட்டு. பேரன் படிக்கட்டில் நிற்பதாக வாசற்படியில் நின்று திட்டு வாங்கினான். "ஓட்டேரி, புரசைவாக்கம், டவுட்டன், தாசப்பிரகாஷ், எழும்பூர்!" மருமகளை இன்னார் என்று அவர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. நிறுத்தங்களின் பெயர் வரிசை தப்பவில்லை. நான் பத்து ரூபாய்த் தாளை நீட்டினேன். "சில்லறையா குடு" என்றார் எரிச்சலோடு. இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரு தாளைக் கிழித்து, பின்னால் மிச்சக் கணக்கை எழுத பேனாவைத் தேடினார்.

ஆறே கால். எனக்குப் போகவேண்டும். எழுந்து கும்பிட்டேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"இங்க ஸ்டாப்பிங் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். நாலைந்து நிமிடம் ஆனது. சமையலறையில் தோசைக்கல் காயும் வாசனை. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "கண்டக்டரே, பொரசவாக்கம் வந்துருச்சு, இவரு எறங்கணுமாம்" என்றார். பெரியவர் குனிந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சரிதான் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு விசில் கொடுத்தார். நான் வாசலைத் தாண்டினேன். அந்த அம்மாள் பின்னாலேயே வந்து குனிந்து கொக்கியை மாட்டினார். தெருவில் பத்தடி போவதற்குள் உள்ளே இரண்டு விசில் கேட்டது.