நான் எழுதிய நாலாவது டிப்ஸும் அப்பாவின் அம்பாசடரும்!

அந்தக் கட்டுரையை எழுத எனக்கு 20 நிமிடம்தான் ஆனது. `பழைய டீசல் காரில் பிக்கப் கூட்ட 5 வழிகள்'. ஜர்னலிசம் டிப்ளோமா முடித்து, முதன்முதலாக ஒரு இணையதளத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு நாளைக்கு எட்டு செய்தி கொடுக்க வேண்டும். இரண்டு வீடியோக்களைப் பார்த்தேன், எழுதினேன், போட்டோ வைத்தேன், முடிந்தது. அதில் நாலாவது வழி, `டீசல் பம்ப்பில் இருக்கும் மேக்ஸ் ஸ்க்ரூவை லேசாகத் திருப்பினால் பிக்கப் கூடும்'.

அந்த ஸ்க்ரூ எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பா திண்டிவனத்தில் டாக்ஸி ஓட்டியவர். மயிலம், மேல்மருவத்தூர், திருவண்ணாமலை என்று அவர் அம்பாசடர் போகாத கோயில் கிடையாது. நாங்கள் பள்ளிக்கூடம் போனது, அக்காவின் கல்யாணம், என் டிப்ளோமா ஃபீஸ் எல்லாமே அந்த வெள்ளை வண்டியிலிருந்து வந்ததுதான். வயதானதும் சவாரியை நிறுத்தினார். டாக்ஸி போர்டை மாற்றி, சொந்த வண்டியாக வைத்துக்கொண்டார். விற்கச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து காரின் இந்திய வடிவம். 1957-ல் தொடங்கி 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. எங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி டீசல் இன்ஜின். வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது. போன வருடம் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. விழுப்புரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் இன்ஜினை இறக்கி, ரீபோர் செய்தார் அப்பா.

ரீபோர் என்றால் தேய்ந்துபோன சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, ஒரே சீராக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது. எங்கள் வண்டிக்கு 40 சைஸ். அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 40 பங்கு. மில்லிமீட்டரில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. 73 மில்லிமீட்டராக இருந்த சிலிண்டர் 74 ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் 1489 சிசி இன்ஜின் 1531 சிசி ஆகிறது.

``இப்ப பெரிய இன்ஜினு பாப்பா. பறக்கும் பாரு'' என்று போனில் சொன்னார். ஆனால், பறக்கவில்லை. ரீபோர் செய்த வண்டி முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். புது பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து பழக வேண்டும். அதுவரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். அப்பாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால், அவருக்கு அவசரம். `பெரிய இன்ஜினுக்குப் பழைய அளவு டீசல் பத்தாதோ' என்று ஒரு சந்தேகமும் வந்துவிட்டது.

அப்போதுதான் அவர் என் கட்டுரையைப் படித்திருக்கிறார். நான் எழுதும் எதையும் விடமாட்டார். சீரியல் செய்தியைக்கூடப் படித்துவிட்டு ``நல்லா இருந்துச்சு பாப்பா'' என்பார். போனைக் கொண்டுபோய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, ``எம் பொண்ணு எழுதியிருக்கு. திருப்பு'' என்றிருக்கிறார். அவரும் ஒரு சுற்றுத் திருப்பிவிட்டார்.

இரண்டு நாள் பிக்கப் பிரமாதமாக இருந்ததாம். கூடவே கரும்புகை. மூன்றாவது வாரம், பக்கத்து வீட்டு அம்மாக்கள் நான்கு பேரை மயிலம் கோயிலுக்குக் கூட்டிப்போனவர், திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு அருகே நின்றுவிட்டார். ரேடியேட்டர் கொதித்து, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அந்த அம்மாக்கள் வெயிலில் நின்று பஸ் பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கேஸ்கெட்டை மாற்றி, புகை டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனால், அதிலும் ஃபெயில். இந்த மாதிரி பழைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 65 யூனிட். எங்கள் வண்டி 80-ஐத் தாண்டியது. ஆர்.சி-யைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. 15 வருடத்துக்கு மேலான கார்களுக்கு 2022 ஏப்ரலில் அதற்கான கட்டணத்தையே 5,000 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். புகை டெஸ்ட் பாஸ் ஆகாவிட்டால் அடுத்து காயலாங்கடைதான்.

இது எதையும் அப்பா என்னிடம் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். ``நடுரோட்ல சவாரிய எறக்கிவுட்டதே இல்லன்னு சொல்லிச் சொல்லி உங்கப்பா சரியா சாப்புடுறதில்லடி'' என்றாள். ஸ்க்ரூ விஷயம் அம்மாவுக்கும் தெரியாது. ஊருக்குப் போன அன்று ``என்னதான்ப்பா ஆச்சு?'' என்று கேட்டதும், போனை எடுத்து நாலாவது வழியைக் காட்டினார். ``நீ எழுதினாப்லதான் பாப்பா செஞ்சோம். அவன்தான் கொஞ்சம் கூடத் திருப்பிட்டான்போல.'' என்னைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மறுநாள் இருவரும் பம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். சாக்குப்பையில் சுற்றி, அப்பா அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

விழுப்புரத்தில் டீசல் பம்ப் மட்டும் பார்க்கும் கடை அது. அறுபது வயதைத் தாண்டிய மேஸ்திரி, பம்ப்பைக் கையில் வாங்கியதும் முதலில் பார்த்தது அந்த ஸ்க்ரூவைத்தான். ``சீல் கம்பிய அறுத்தது யாரு?'' என்றார்.

``நான்தான் மேஸ்திரி, சும்மா பார்க்கலாமுன்னு...'' என்றார் அப்பா.

எனக்குத் தொண்டை அடைத்தது. ``இல்லண்ணே, நான் ஒரு கட்டுரையில எழுதினேன். அதைப் படிச்சுட்டுத்தான் அப்பா செஞ்சாங்க'' என்றேன்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். ``நீ இந்த ஸ்க்ரூவ முன்ன பின்ன பாத்திருக்கியாம்மா?''

``இல்லண்ணே.''

``சரி, இப்ப பாத்துக்க. சீல் வெக்கிறதே யாரும் தொடக் கூடாதுன்னுதான்'' என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

பம்ப்பை டெஸ்ட் பெஞ்ச்சில் பூட்டினார். அங்கே இன்ஜினுக்குப் பதில் ஒரு மோட்டார் பம்ப்பைச் சுற்றுகிறது. நாலு சிலிண்டருக்குப் போக வேண்டியது நாலு கண்ணாடிக் குழாய்களில் விழுகிறது. இத்தனை தடவை பீய்ச்சினால் இவ்வளவு என்று அளந்து பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சிலிண்டருக்குப் போவது ஒரு சொட்டு இருந்தாலே அதிகம். எங்கள் பம்ப்பில் நாலு குழாயிலும் அளவு தாறுமாறாக இருந்தது. அதிலும் மூன்றாவது குழாய் நிரம்பி வழிகிற மாதிரி.

``ஒரு வூட்ல நாலு புள்ளைங்க இருந்தா, நாலுக்கும் சமமா சோறு போடணும். இங்க மூணாவது புள்ளைக்கு மட்டும் அள்ளிப் போட்டிருக்கு. ஸ்க்ரூவத் திருப்பினா நாலு பேருக்கும் சேத்துத்தான் ஏறும். ஏற்கெனவே அதிகமா திங்கிறவனுக்கு இன்னும் ஏறும். அவன் அஜீரணத்துல பொகைய வுடுறான்'' என்றார்.

நான் `இன்ஜின் பெருசாச்சே, டீசலும் அதிகம் வேணாமா?' என்று கேட்டேன். ``வேணும். எவ்ளோ பெருசாச்சு, கணக்குப் போடு'' என்றார். மொபைலில் போட்டேன். கூடியது 42 சிசி. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. டீசலும் அந்த அளவுக்குத்தான் கூடலாம். ஒரு முழுச் சுற்று கொடுத்தது அதைப் போல பல மடங்கு. காற்று அவ்வளவேதான் இருக்கிறது, டீசல் மட்டும் கூடினால் எரியாத மிச்சம் கரியாகிறது. இன்ஜினில் சூடு ஏறுகிறது. கூட்டேரிப்பட்டில் நடந்தது அதுதான்.

நாசில்களையும் சோதித்தார். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம். இந்த நாசில்கள் 100 பாருக்கு மேல் அழுத்தம் வந்தால்தான் திறக்கும், பனி மாதிரி தூவும். எங்களுடையதில் ஒன்று தூவாமல் ஒழுகியது. மாற்றினார். பிறகு, நாலு குழாயும் ஒரே மட்டத்துக்கு வரும் வரை திருப்புவது, ஓட்டுவது, அளப்பது, திரும்பத் திருப்புவது. மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் ஸ்க்ரூவை இம்மி அளவு வைத்து, புதுக் கம்பி போட்டு சீல் வைத்தார்.

சென்னை திரும்பியதும் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1969 முதல் சில ஆண்டுகள் போர்ஷே 911 கார்களில் பெட்ரோலுக்கே இப்படி மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு முழுவதும், உள்ளே இருக்கும் ஒரு சின்ன கேமின் மேடு பள்ளத்தில் இருக்கும். இன்ஜினைப் பெரிதாக்கினால் அந்த கேமையே புதிதாகச் செதுக்குகிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து இன்ஜெக்‌ஷனுக்கு, இன்ஜின் பெரிதானது தானாகத் தெரியாது. யாராவது உட்கார்ந்து அளந்துதான் சொல்ல வேண்டும். விழுப்புரம் மேஸ்திரி செய்ததும் அதைத்தான்.

அடுத்த டெஸ்ட்டில் எங்கள் வண்டி காட்டியது 48. ஆர்.சி-யும் புதுப்பித்தாகிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியதும் வண்டி தானாகவே இளகிவிட்டது. அப்பா முதல் வேலையாக அந்த நான்கு அம்மாக்களையும் மறுபடி மயிலத்துக்குக் கூட்டிப்போய், வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

என் பழைய அலுவலகத்துக்கு மெயில் எழுதி, நாலாவது வழியை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். அதற்குள் அதைப் படித்து, வேறு எத்தனை அப்பாக்கள் ஸ்க்ரூவைத் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. ராத்திரியில் சில நேரம் அந்த நினைப்பு வரும்.

அப்பா இப்போதும் எல்லாவற்றையும் படிக்கிறார். ஆனால், ``நல்லா இருந்துச்சு'' என்பதோடு இன்னொன்றும் கேட்கிறார். ``நேர்ல பாத்து எழுதினியா பாப்பா?''

பல நாள் என் பதில் ``இல்லப்பா'' என்பதுதான். டெஸ்க் வேலை அப்படி. ஆனால், கேள்வி வரும் என்று தெரிவதால், இரண்டு பேருக்காவது போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 20 நிமிடம் இப்போது போதவில்லை.

இந்தக் கட்டுரையையும் படித்துவிட்டுக் கேட்பார். இதற்கு மட்டும் பதில் தயாராக இருக்கிறது. ``பாத்துதான்ப்பா எழுதினேன். நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்தே!''