சொட்டே போதும் என்கிறாள் அம்மா

திங்கள், இரவு

கிளினிக்கில் டாக்டர் லேசர் பற்றிச் சொன்னார். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பஸ் ஏறியதும், "எனக்கு வேணாம் புள்ள, சொட்டே போதும்" என்றாள். தெஹியோவிட்ட வரும்வரை அதற்கு மேல் பேச்சில்லை.

அவளுக்குக் கிளக்கோமா, கண் அழுத்த நோய். வலி கிடையாது. ஓரப்பார்வைதான் முதலில் போகும், அதனால் போனதே தெரியாது. போனது திரும்பவும் வராது. மருந்து மிச்சத்தைக் காப்பாற்றத்தான். எங்கள் தோட்ட லயத்தில் பலருக்கு இதுதான் விளங்கவில்லை. "போட்டும் பார்வை கூடலையே" என்று பாட்டிலை ஒதுக்கிவிடுகிறார்கள்.

செவ்வாய்

அம்மாவின் சொட்டு லட்டானோபிராஸ்ட். அந்தப் பாட்டிலைத் திறக்கும்வரை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். எங்கள் காம்பராவில் ஃபிரிஜ் இல்லை, கடைக்காரர் வைத்துத் தருகிறார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி வெட்டி அம்மாவின் விரல்கள் மடங்க மறுக்கின்றன. தானே போட்டால் பாதி மருந்து கன்னத்தில் வழிகிறது. இரவில் நான் போட்டுவிடுகிறேன். நான் வீட்டில் இல்லாத இரவுகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டையும் மறக்க முடியவில்லை. கிளினிக் நாளில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலைக் கணக்கு, போகிறது, சம்பளமும் போகிறது. சொட்டு மருந்து இலவசம் என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

புதன்

மேல் லயத்து மாமாவுக்கும் கிளக்கோமா, கூடவே இழுப்பு (ஆஸ்துமா). கிளக்கோமாவுக்குப் போடும் டைமோலோல் சொட்டு இழுப்பைக் கூட்டும் என்பதால் அவருக்கு லேசர் செய்தார்கள். அம்மா அவரிடமே கேட்டாள், "கண்ணை வெட்டுனாங்களா?"

"வெட்டுறதெல்லாம் இல்ல. நாடியை மெசின்ல வச்சு உக்காரச் சொன்னாங்க. பச்சையா வெளிச்சம் பளிச்சு பளிச்சுன்னுச்சு. கொஞ்ச நேரந்தான்."

அம்மாவின் பயம் எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் புரிந்தது. 2023இல் நுவரெலியாவில் கண்புரை அறுவை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை கெட்டது. அறுவைக்குப் பின் போட்ட பிரெட்னிசலோன் சொட்டில்தான் குறை என்று அந்த மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் லயங்களில் நின்றது "ஆப்பரேஷன் செஞ்சு கண்ணு போச்சு" என்ற பேச்சு. பழி சொட்டை விட்டுக் கத்திமேல் ஏறிவிட்டது.

வெள்ளி

தன்சானியாவில், கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷியில், டைமோலோலையும் இந்த லேசரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் லேசர் செய்த கண்களில் 61 சதவீதம் கட்டுப்பாட்டில் இருந்தன, சொட்டு போட்டவற்றில் 31. பஸ்ஸும் கூலியும் எங்களைப் போலவே பார்க்க வேண்டிய ஊர் என்பதால் எனக்கு இது பெரிய செய்தி. இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதம் பேர் மூன்றாண்டுக்குப் பின்னும் சொட்டில்லாமல் இருந்தார்கள். 2022 முதல் அங்கே வழிகாட்டலே லேசரை முதலில் வைக்கிறது.

சில வருடங்களில் லேசரின் பலன் குறையலாம், திரும்பச் செய்யலாம். சொட்டும் தேவைப்படலாம். கிளினிக் மட்டும் நிற்காது. அம்மா பாட்டிலை நம்புவதை அறியாமை என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் இவ்வளவையும் அவளுக்கு விளங்கும் தமிழில், அவசரப்படாமல் சொல்லிவிட்டுத்தான் யாரும் அவளுடைய முடிவைக் கேட்க வேண்டும்.

ஞாயிறு

அம்மா கேள்வி சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றைக்கே பஸ்ஸில் வரலாமா? ரெண்டு கண்ணுக்கும் ஒரே நாளா? எத்தனை பேர் போகும்? பலிக்காவிட்டால் சொட்டைத் திரும்பத் தருவார்களா? தாளை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் அவளே வைத்தாள்.