தோப்பூரிலிருந்து மரதன் பார்க்க

தோப்பூரில் பெண்கள் கூடினால் 2006 ஆகஸ்ட் பற்றிய பேச்சு வரும். மூதூர்ப் பகுதியில் சண்டை மூண்டபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடியவர்கள் இவர்கள். அண்மையில் அவர்களுள் ஒரு தாய் கேட்டார்: "மகள் கொழும்பு மரதனில் ஓடப்போறாள். நானும் போகலாமா?"

தாராளமாகப் போகலாம். முழு மரதன் 42.195 கிலோமீற்றர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இந்த ஓட்டம் 1984இல்தான் கிடைத்தது. நகர மரதன்களில் குறுந்தூர ஓட்டங்களும் பெரும்பாலும் இருக்கும்.

ஓட்டம் விடியற்காலையில் தொடங்குவதால் முதல்நாளே போய்ச் சேருங்கள். மகள் பழகிய சப்பாத்தையே போடட்டும். இலக்கத்தை நெஞ்சுப் பக்கம் குத்தட்டும். தாகத்துக்கு அளவாகத் தண்ணீர் குடிக்கட்டும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நின்று முதலுதவியாளரிடம் போகவேண்டும்.

பார்க்கப் போகும் நீங்கள், வீதிகள் மூடப்படும் என்பதால் கொஞ்சம் நடக்க ஆயத்தமாகுங்கள். ஓடுபவர்களுக்குக் குறுக்கே போகாதீர்கள். ஓட்டம் முடிந்தபின் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள்.

இன்னுமொன்று. ஓட்டத்தைத் தொடங்க வெடிச்சத்தம் எழுப்பக்கூடும். அந்தச் சத்தம் மனதை உலுக்கும் என்றால், தொடங்கும் இடத்தை விட்டு முடிவிடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே மகள் உங்களைத் தேடித்தான் ஓடி வருவாள்.