கல்வீடும் கடனும்

2009இல் போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், கிளிநொச்சியில் ஒரு தாயைச் சந்தித்தேன். இலங்கையில் 50,000 வீடுகளுக்கு உதவுவதாக இந்தியா 2010இல் அறிவித்த திட்டத்தில் அவருக்கும் ஒரு வீடு. 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வரும். கட்டுவிப்பது பயனாளியின் பொறுப்பு. எல்லோரும் ஒரே காலத்தில் கட்டத் தொடங்கியதால் மணல் விலையும் மேசன் கூலியும் ஏறின. மிகுதிக்கு மகளின் சங்கிலியை அடகு வைத்திருந்தார்.

"வீடு நிக்குது தம்பி, உழைப்புத்தான் இல்லை" என்றார்.

அன்று நான் அனுப்பிய செய்தியில் வீடுகளின் எண்ணிக்கை இருந்தது. அவருடைய கடன் இருக்கவில்லை.

உதவியைக் குறைகூறேன். தறப்பாளின் கீழ் மழையில் நனைந்தவர்களுக்குக் கல்வீடு பெரிது. ஆனால் வீட்டோடு வருமானத்துக்கும் ஒரு வழி செய்திருந்தால், பின்னாளில் நுண்கடன் வசூலிப்போர் வன்னியின் படலைகளில் வாரந்தோறும் வந்து நின்றிருக்கமாட்டார்கள்.